அக்செஸா, பேஸா? ஃபார்ம் போட்டுப் பார்த்தால் தெரியும்

எங்கள் குடியிருப்பு வாசகசாலையில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பது ஒரு நீள நோட்டில் இருந்தது. அதைக் கணினிக்கு ஏற்ற முதலில் மைக்ரோசாஃப்ட் அக்செஸ், அப்புறம் லிபர்ஆஃபிஸ் பேஸ் என்று ஒரே வேலையை இரண்டு தரவுத்தள மென்பொருளிலும் செய்து பார்த்தேன்.

டேபிள் போடும் கட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தப்பு செய்ய இரண்டும் ஒரே மாதிரி இடம் கொடுக்கின்றன. செல்பேசி எண் என்றதும் கை தானாக நம்பர் வகைக்குத்தான் போகும். ஆனால் அக்செஸின் லாங் இன்டிஜரும் சரி, பேஸின் இன்டிஜரும் சரி, 2,147,483,647-ஐத் தாண்டாது. 98 என்று தொடங்கும் பத்து இலக்க எண் அதில் எங்கே நுழையும்? 044-இன் முன்சுழியமும் போய்விடும். கூட்டிக் கழிக்காத எண்ணுக்கு எழுத்து வகைதான் சரி: அக்செஸில் ஷார்ட் டெக்ஸ்ட், பேஸில் வார்சார்.

தாமதக் கட்டணத்துக்கு அக்செஸில் கரன்சி வகை தயாராக இருக்கிறது. பேஸில் டெசிமல் எடுத்து, எத்தனை தசம இடம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் டபுள் வகைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், பைசாக் கணக்கு இடிக்கும்.

உண்மையான சோதனை ஃபார்மில், அதாவது விவரங்களைப் பதியும் திரைப்படிவத்தில்தான். பட்டியலில் உறுப்பினர் பெயர் தெரிய வேண்டும், உள்ளே அவர் எண் பதிய வேண்டும். அக்செஸில் காம்போ பாக்ஸே (தட்டச்சும் செய்யலாம், பட்டியலிலிருந்தும் எடுக்கலாம்) போதும். எண் இருக்கும் நெடுவரிசையின் அகலத்தை 0 ஆக்கினால் அது கண்ணில் படாது. அதே நினைப்பில் பேஸிலும் காம்போ பாக்ஸ் வைத்து ஒரு மாலையைத் தொலைத்தேன். அங்கே காம்போ பாக்ஸ் திரையில் தெரியும் எழுத்தையேதான் பதியும். எண் பதிய லிஸ்ட் பாக்ஸ் (பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும் பெட்டி) வேண்டும். பட்டியலுக்குத் தரவு எடுக்கும் அதன் கேள்வியில் (குவெரி) முதலில் பெயர், அடுத்து எண்; எந்த நெடுவரிசை பதிய வேண்டும் என்று சொல்லும் பவுண்ட் ஃபீல்டு 1. பேஸ் 0-இலிருந்து எண்ணுவதால் 1 என்பது இரண்டாவது நெடுவரிசை. அக்செஸில் அதே வேலை செய்யும் பவுண்ட் காலமோ (Bound Column) 1-இலிருந்து எண்ணும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மாலை.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாத டேபிளை அக்செஸ் பொறுத்துக்கொள்ளும். பேஸ் அதில் ஒரு வரிகூட எழுத விடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

புத்தகம் திரும்பியதா என்பதற்கு முதலில் டிக் பெட்டி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுத் திரும்பிய தேதி என்று ஒரு ஃபீல்டு போட்டேன். காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வெளியே. எத்தனை நாள் தாமதம் என்பதும் அதிலேயே கிடைக்கிறது.

எல்லாரிடமும் விண்டோஸ் இருந்தால், ஃபார்ம் சீக்கிரம் முடிய வேண்டுமானால், நான் அக்செஸையே சொல்வேன். எங்கள் வாசகசாலையின் பழைய கணினியில் ஓடுவது லினக்ஸ். அங்கே அக்செஸ் ஏறாது. பேஸில்தான் வேலை நடக்கிறது.