கான்கிரீட் உடைக்கும் மிஷின்: ஐந்து கிலோவா, பத்தா, பதினாறா?

"அண்ணே, பிரேக்கர் ஒண்ணு வாங்கணும், எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, எதை உடைக்கப் போற, தரையையா சுவரையா என்றுதான். கம்பெனி அப்புறம். கரண்டில் ஓடும் பிரேக்கரில் சின்ன கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் கைக்கு எட்டுவது எடைவாரியாக மூன்று வகை: 5 கிலோ, 10 கிலோ, 15 முதல் 18 கிலோ. 30 கிலோவிலும் இருக்கிறது, ஆனால் வடசென்னை கொருக்குப்பேட்டை சந்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நுழைவதே தனி வேலை, விலையும் வேறு தினுசு. அதை விட்டுவிடுவோம்.

5 கிலோ மிஷின் சுமார் 1000, 1100 வாட். ஒரு அடிக்கு ஏழெட்டு ஜூல்தான் விழும் (ஒரு அடியில் எவ்வளவு சக்தி என்பதற்கான அளவுதான் ஜூல்), ஆனால் அடி வேகமாக விழும். டைல்ஸ் பெயர்க்க, பைப் ஓட சுவரில் காடி எடுக்க, பூச்சை உதிர்க்க இதைவிட வசதி வேறில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் உப்புக்காற்றில் கம்பி துரு ஏறி ஊதி, சன்ஷேடுக்கு அடியில் கான்கிரீட் பொருக்கு பொருக்காகத் தொங்குகிறதே, அதைத் தட்டி எடுக்கவும் இதுதான் சரி, ஏனென்றால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வேலை செய்ய வேண்டும். தரைக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். கெட்டியான தளத்தில் இது குழிதான் போடும், பிளக்காது. கான்கிரீட்டில் விரிசல் ஓட ஒரே அடியில் ஒரு அளவு சக்தி இறங்க வேண்டும், அதற்குக் குறைந்த அடி எத்தனை ஆயிரம் விழுந்தாலும் உளி முனையில் மாவுதான் மிஞ்சும், தூசிதான் பறக்கும்.

10 கிலோ வகைக்கு போஷ் ஜிஎஸ்எச் 11 இ-யை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: 1500 வாட், 16.8 ஜூல். உளி மாட்டும் பிடி எஸ்டிஎஸ் மேக்ஸ் என்ற வகை, அந்தப் பிடியுள்ள உளி எந்த கம்பெனியாக இருந்தாலும் மாறிப் பொருந்தும். சுவரும் தரையும் கலந்து வருகிறவர்களுக்கு, ஒரே ஒரு மிஷின்தான் வாங்க முடியும் என்றால், இதைச் சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டை பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிற்கின்றன, மர விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை, பல இடத்தில் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அங்கே மாடியில் பெரிய மிஷினை வைத்தால் நீங்கள் தொடாத இடத்திலும் விரிசல் விடும். மெட்ராஸ் டெரஸில் பத்து கிலோவே அதிகம், முடிந்தவரை கை உளியும் சுத்தியும்தான்.

சரி, தரை வேலைக்கு வருவோம். நம் ஊரில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. வீட்டுக்காரரும் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒரு தளம், அதன் மேல் இன்னொரு தளம் என்று ஏற்றிக்கொண்டே வந்திருப்பார். டிரெய்னேஜ் லைன் மாற்ற அந்த வாசலைத் தோண்டினால் இரண்டு மூன்று அடுக்கு கான்கிரீட், நடுவே பழைய சிமென்ட் பூச்சு, சில இடத்தில் கம்பியும் போட்டிருப்பார்கள். இதற்கு 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள மிஷின்தான். போஷ் ஜிஎஸ்எச் 16 வகை 1750 வாட், 41 ஜூல், நிமிடத்துக்கு 1300 அடி. பத்து கிலோவை விட அடி எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொரு அடியும் இரண்டு மடங்குக்கு மேல் கனம். மிஷினின் எடையே அழுத்திக்கொள்வதால் நீங்கள் நெஞ்சைக் கொடுத்து அமுக்க வேண்டியதில்லை.

இந்த எடையில்தான் உண்மையான போட்டி. ஒரு பக்கம் பெரிய கம்பெனி மிஷின்கள். இன்னொரு பக்கம், ஹிட்டாச்சியின் பழைய பிஎச் 65ஏ மாடலைப் பார்த்துச் செய்த மிஷின்கள், கடையில் "65ஏ" என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விதவிதமான பெயரில் வரும். கம்பெனி மிஷின் விலைக்கு இதை இரண்டு மூன்று வாங்கிவிடலாம். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் நடந்தால் இரண்டு ஜாதியையும் ஒரே நாளில் கையில் தூக்கிப் பார்க்கலாம். பார்க்காமல் வாங்காதீர்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஜூலை நிமிட அடியால் பெருக்கி 60-ஆல் வகுத்தால், உளிக்குப் போகும் சக்தி வாட்டில் வரும். மேலே சொன்ன 41 ஜூலும் 1300 அடியும் சுமார் 890 வாட், மோட்டார் இழுப்பது 1750, அதாவது பாதி. பாக்கி சூட்டிலும் உரசலிலும் போகிறது, அது நியாயமான கணக்கு. இப்போது ஒரு பெட்டியில் 1500 வாட், 65 ஜூல், 1900 அடி என்று போட்டிருந்தால் உளிக்கு 2000 வாட்டுக்கு மேல் போக வேண்டும். இழுப்பதை விட அதிகமாக எந்த மிஷினும் அடிக்காது. அப்படி எண் போட்டவன் வேறு எதைச் சரியாகச் செய்திருப்பான்?

என் தீர்ப்பு இதுதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தரை உடைக்கிறவருக்கு 65ஏ வகை போதும். காரணம் விலை மட்டுமில்லை. கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், ஓ-ரிங், பிஸ்டன் எல்லாம் கடைத்தெருவில் தனித்தனியாகக் கிடைக்கும், காயில் கட்டுகிற எந்த மெக்கானிக்குக்கும் அதன் வயிறு தெரியும், காலையில் நின்ற மிஷின் பெரும்பாலும் மறுநாள் ஓடும். தினமும் உடைக்கிறவர், ஆள் வைத்து ஓட்டுகிறவர் கம்பெனி மிஷினுக்கே போங்கள், அதிலும் அதிர்வு குறைக்கிற கைப்பிடி உள்ள மாடலாகப் பாருங்கள். மலிவு மிஷினில் கைப்பிடி பெரும்பாலும் வெறும் இரும்புதான், நாள் முழுக்கப் பிடித்த ஆளுக்கு ராத்திரி விரல் மரத்துப்போகும், வருஷக்கணக்கில் ஓட்டினால் அந்த மரப்பு போகாமல் தங்கிவிடும். வேலை செய்கிற பையனின் கையும் நம் கணக்கில் வர வேண்டும். உளியையும் பார்த்து வாங்குங்கள்: 65ஏ-க்கு 30 மில்லி ஆறுபட்டைப் பிடி, போஷ் 16-இல் 28 மில்லி, 30 மில்லி என்று இரண்டு ரகம் உண்டு, 28-இன் உளியும் 30-இன் உளியும் மாறிப் பொருந்தாது.

மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த காசில் முதலில் ஒயர் வாங்குங்கள். 1750 வாட் என்றால் ஏழரை ஆம்பியர் போல இழுக்கும், பழைய வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பிளக் உருகும். தண்ணீர் மோட்டாருக்கு வைத்திருக்கும் 15 ஆம்பியர் பாயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஐம்பது மீட்டர் ஒயரை 1 ஸ்கொயரில் (ஒயருக்குள் இருக்கும் செம்பின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்) இழுத்தால் போகும் வழியிலேயே 14 வோல்ட் போல தொலைந்துவிடும், 2.5 ஸ்கொயரில் ஆறு வோல்ட்டுக்குள் அடங்கும். கோடை சாயங்காலத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருக்கும் தெருவில் இந்த வித்தியாசம்தான் மோட்டாரைக் காப்பாற்றும். ஈர மண்ணில் நின்று வேலை, அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடும் சுவிட்ச்) இல்லாத லைனில் செருகவே செருகாதீர்கள்.

பேவர் பிளாக் எடுக்க பிரேக்கர் தேவையே இல்லை. அது மணலில் உட்கார்ந்திருப்பது. ஓரத்தில் ஒன்றை உடைத்து எடுத்துவிட்டால் மற்றது கடப்பாரையில் முழுசாக வரும், திரும்பப் பதிக்கலாம். கீழே கான்கிரீட் தளம் இருந்தால் மட்டும் மிஷின்.

மிஷினைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான். தளத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள், உளி மாட்டிக்கொள்ளும். விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே கூர் உளியை வைத்து, பெயர்ந்து விழ இடம் கொடுத்துக்கொண்டே போங்கள். உடைந்த பாளத்தை மிஷினை வைத்து நெம்பினால் உளி வளையும், முன்மூக்கு விரியும், அதற்குக் கடப்பாரை இருக்கிறது. கம்பி வந்தால் கிரைண்டரில் அறுத்துவிடுங்கள், உளியால் குத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஜல்லித் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்குவது, தண்ணீர் தெளித்து உடையுங்கள், ஆனால் மிஷின் மேல் படாமல். கைக்குட்டை கட்டினால் போதாது, மாஸ்க், காதுக்கு அடைப்பு, ஷூ மூன்றும் வேண்டும்.

வருஷத்துக்கு நாலைந்து முறைதான் தேவை என்றால் வாங்கவே வேண்டாம். உங்கள் ஏரியாவில் ஒரு நாள் வாடகையைக் கேட்டு, மிஷின் விலையை அதால் வகுத்துப் பாருங்கள். அத்தனை நாள் வேலை ஒரு வருஷத்தில் வராது என்றால் வாடகைதான். எடுக்கும்போது உளி முனை மழுங்கியிருக்கிறதா, ஒயர் தலைப்பில் டேப் சுற்றியிருக்கிறதா, ஓடவிட்டால் பிரஷ் பக்கம் பெரிய பொறி பறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏற்றுங்கள்.