டாகிளா, ஸ்பின் டார்க்கா: காற்றாலைக்கு எந்த எம்ராம்?

பணகுடிப் பக்கத்துக் காற்றாலையில் ஆடிக்காற்றின் அளவை நொடிக்கு நொடி பதிய வேண்டும். கரண்ட் போனாலும் அழியக்கூடாது. அதற்கு எம்ராம் (MRAM), அதாவது தரவைக் காந்தத் திசையாகச் சேமிக்கும் நினைவகச் சிப், சரிதான்; எந்த வகை?

டாகிள், ஸ்பின் டார்க் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இரு காந்த அடுக்கு, நடுவே நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு. காந்தத் திசைகள் ஒத்திருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிரானால் அதிகம்; அந்த இரண்டு நிலைகளே 0, 1.

2006-இல் ஃப்ரீஸ்கேல் என்ற சிப் நிறுவனம் விற்ற 4 மெகாபிட் சிப் டாகிள் வகை. பக்கத்துக் கம்பிகளின் காந்தப்புலமே திசையைத் திருப்பும். எழுதும் மின்னோட்டம் ஆக்சைடுக்குள் போகாததால் தேய்மானப் பயமில்லை. ஆனால் ஒரு பிட்டைத் தாங்கும் செல்லைச் சுருக்குவது கஷ்டம்.

1996-இல் இயற்பியலாளர்கள் ஸ்லான்செவ்ஸ்கியும் பெர்ஜரும் கணித்த ஸ்பின் டார்க்கில், திசையைத் திருப்பும் மின்னோட்டம் ஆக்சைடு உட்பட அடுக்குகளின் ஊடாகவே பாயும். செல்லைச் சுருக்கி ஒரு சிப்பில் கிகாபிட் வரை போயாயிற்று; ஆனால் எழுத எழுத அடி வாங்குவது ஆக்சைடு.

நமக்குச் சில மெகாபிட் போதும், டாகிளையே எடுக்கலாம். விலைதான் அண்ணாச்சி, கொஞ்சம் கடிக்கும்.