தனி ஆபீஸா, வாடகைப் பங்கா, பார்ட்னர்ஷிப்பா: பாரிமுனை வக்கீலுக்கு எது கட்டுப்படியாகும்?

சீனியரிடமிருந்து வெளியே வரும் வக்கீல் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று ஹைகோர்ட்டைச் சுற்றித்தான் இடம் தேடுவார். மாடிப்படி ஓரத்துப் பலகையில் தன் பெயர் மட்டுமா, நாலு பெயரா, 'அசோசியேட்ஸ்' என்று முடிய வேண்டுமா? கௌரவப் பிரச்சினை மாதிரித் தெரியும். நிஜத்தில் மாசக் கணக்குப் பிரச்சினை.

தனி ஆபீஸில் வருவதெல்லாம் நமக்கே. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) பாதியை லாபமாகக் காட்டி வரியை முடித்துவிடலாம். ஆனால் வாடகை, குமாஸ்தா சம்பளம், ஜூனியர் ஸ்டைபண்ட் எல்லாம் ஒரே தலையில். சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் ஹைகோர்ட் சொன்னது. அது எத்தனை ஆபீஸில் நடக்கிறது என்று ஜூனியர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

வடசென்னை கேஸ்களின் சுபாவமும் சேர்ந்துகொள்ளும். எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் லாரி விபத்து, செக் பவுன்ஸ், வாடகைத் தகராறு. விபத்து கிளெய்மில் பணம் வர வருஷக்கணக்காகும். 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. பார்ட்டி (கட்சிக்காரர்) தவணையாகத் தருவார், வீட்டு ஓனர் தவணையாக வாங்கமாட்டார்.

அதனால்தான் முதல் சில வருஷங்களுக்கு வாடகைப் பங்குதான் என் ஓட்டு. இடம், ஜெராக்ஸ் மெஷின், குமாஸ்தா பொது. கேஸ் கட்டும் ஃபீஸும் அவரவருக்கு. சண்டை பெரும்பாலும் குமாஸ்தாவை வைத்துத்தான் வரும். நாலு பேருக்கும் ஒரே காலையில் ஃபைலிங், அதில் ஒருவருக்கு லிமிடேஷன் (வழக்குப் போடும் கெடு) கடைசி நாள். யார் கட்டு முதலில் போகும்? இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். இன்னொரு சிக்கல்: வீட்டு ஓனருக்கு ஒருவர், குடித்தனக்காரருக்கு அடுத்த மேஜைக்காரர் என்று ஆஜரானால், நாம் தனித்தனி என்று எவ்வளவு சொன்னாலும் பார்ட்டி நம்பமாட்டார்.

பார்ட்னர்ஷிப் எப்போது? துறைமுகம், கஸ்டம்ஸ் சார்ந்த கம்பெனி வேலை மாதாமாதம் வரும்போது. ஒருவர் லீவில் போனாலும் பதில் சொல்ல இன்னொருவர் வேண்டும் என்று கம்பெனி எதிர்பார்க்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: வக்கீல் அல்லாதவரைப் பங்காளியாகச் சேர்க்க முடியாது, முதல் போட்ட மச்சானாக இருந்தாலும் சரி. சாதாரண பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் வைத்த கடன் எல்லார் சொத்தையும் தொடும். எல்எல்பியில் (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) அந்தப் பயம் குறைவு, ஆனால் அந்தப் பாதி லாப வசதி கிடையாது, வருஷா வருஷம் ரிட்டர்ன் தாக்கலும் உண்டு. பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப் தன் ஒப்பந்தப் பாக்கிக்கு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 69ஆம் பிரிவை ஊருக்கெல்லாம் சொல்லும் நாமே நம் ஃபர்மைப் பதியாமல் விடுவதுதான் வேடிக்கை.

பங்குப் பத்திரத்தில் லாப விகிதத்தைவிட, பங்காளிகள் பிரிந்தால் என்ன என்பதை விரிவாக எழுதுங்கள். ஒரு கேஸில் வக்காலத்து (பார்ட்டி வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) போட்டவரின் சம்மதம் இல்லாமல் வேறு வக்கீல் ஆஜராவது கஷ்டம். கோர்ட் அனுமதி கேட்க வேண்டிவரும். பிரிகிறவர் பின்னால் பார்ட்டி போக விரும்பினால் எத்தனை நாளில் அந்தச் சம்மதம் தரப்படும், அதுவரை முடிந்த வேலைக்கான ஃபீஸ் யாருக்கு என்று கையெழுத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்.