கை மாறிய எங்க பக்கத்து எஃப்எம்: பல வருஷமாகக் கேட்பவனின் அனுபவம்

கடை ரேடியோவுக்கு வால்யூம் கண்ட்ரோல் மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்த பேரணாம்பட்டு நண்பர், "நம்ம எஃப்எம் கேக்க நானும் ஒரு செட் வாங்கலாமாண்ணே?" என்றார். அவருக்குச் சொன்னதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

குடியாத்தத்தில் தையல் கடை எனக்கு. ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை ரேடியோ ஓடும். இந்த வேலூர் ஸ்டேஷன் வந்த புதிதில் ஒடுகத்தூர், அணைக்கட்டு, கணியம்பாடி என்று எங்கள் பக்கத்து ஜனங்கதான் போனில் பேசுவார்கள். "பீடி சுத்திக்கிட்டேதான் பேசுறேன் தம்பி" என்பார் ஒரு அம்மா; இலை வெட்டும் கத்தரி சத்தமும் கூடவே கேட்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது, எந்தப் பக்கம் சுற்றிப் போகணும் என்று பாட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். அதை மறக்கவே மாட்டேன்.

அப்புறம் முதலாளி மாறினார். காலையில் பேசும் தம்பி நேயர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். போகச் சொன்ன விதம் அப்படி இருந்திருக்கும். அடுத்து ராத்திரிப் பழைய பாட்டு போச்சு. போனில் பேசுவதும் போச்சு. இப்போது முக்கால்வாசி நேரம் சென்னையில் பேசுவதையே இங்கேயும் போடுகிறார்கள். வைகாசி ஒண்ணாந்தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்க ஊர் கோபாலபுரம் பக்கம் கால் வைக்க இடமில்லை. என் ரேடியோவோ கத்திப்பாராவில் டிராஃபிக் என்கிறது!

ஒரே கம்பெனியின் நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள 2011-இல் வந்த எஃப்எம் கொள்கை இடம் கொடுக்கிறது. சின்ன ஊரில் தனி ஸ்டூடியோ, தனி ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதும் நியாயம்தான். ஆனால் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்கிற அதே கொள்கை, போக்குவரத்து, மழை, கரண்ட், குடிநீர், பரீட்சை முடிவு, திருவிழா எல்லாம் செய்தியில் சேராது, தாராளமாகச் சொல்லலாம் என்கிறது. சொல்ல மனசில்லை, அவ்வளவுதான். இடையில் வரும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் மட்டும் அச்சு அசல் வேலூர். எங்க ஊர் கடைக்காரர் காசு வேண்டும், எங்க ஊர் பேச்சு வேண்டாமா?

குறை மட்டும் சொல்லக் கூடாது. முன்பு மழை நாளில் கரகரவென்று இரையும். இப்போது கண்ணாடி மாதிரி தெளிவு. பாட்டுத் தேர்வும் நன்றாகவே இருக்கிறது. தையல் மிஷின் சத்தத்தை மீறி ஒவ்வொரு வரியும் விழுகிறது.

இருந்தாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாட்டு போனிலேயே கிடைக்கிறது. சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும் வேலூரிலிருந்து ஒரு பொண்ணு பேசுது. காட்பாடி பாலம், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு என்று ஊர் தெரிந்து, நல்லாவே பேசுது. அந்த ஒரு மணியை இரண்டு மணியாக்கட்டும், நண்பருக்கு நானே செட் வாங்கித் தருகிறேன்.