ஏலத்தோட்ட ரோட்டில் இரண்டு தார்: எம்டி டயரா, ஏடி டயரா?

போடியிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, மாமாவின் ஏலத்தோட்டத்துக்குப் போக நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதில் கடைசி நாலு கிலோமீட்டர்தான் சேறும் கல்லும். மற்றதெல்லாம் தார் ரோடு. டயர் வாங்கப் போகிறவர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நானும் மச்சானும் போட்ட கணக்கு வேறு வேறு.

இருவரும் ஒரே வருடத்தில் ஆளுக்கொரு மகிந்திரா தார் எடுத்தோம். இரண்டும் டீசல், ஃபோர் வீல் டிரைவ். 16 அங்குல இரும்பு ரிம்மும் 245/75 ஆர்16 டயரும் கம்பெனியிலிருந்தே வந்தவை. அவன் மூன்றாவது மாதமே அதைக் கழற்றிப்போட்டு, 17 அங்குல அலாய் ரிம், 285/70 ஆர்17 அளவில் எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கான) டயர், சஸ்பென்ஷனை உயர்த்தும் இரண்டு அங்குல லிஃப்ட் என்று ஏற்றிவிட்டான். நான் வந்த டயரைத் தேயும் வரை ஓட்டிவிட்டு, அதே ரிம்மில் அதே அளவில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டி) கொஞ்சம் முரடான ஏடி (ஆல் டெரெய்ன், எல்லா ரோட்டுக்குமான) டயர் போட்டேன். சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை. இரண்டு மழைக்காலம் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். நான் ஏடி கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எம்டிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலம் என்பதால், சக்கரம் சுற்றும்போதே சேறு தெறித்துப் போய்விடும். என் டயரில் களிமண் அப்பிக்கொண்டால் மொட்டை டயர்தான். சேற்றுக்கு முன்னால் நின்று, 30க்கு மேல் இருக்கும் காற்றை 20க்கு இறக்கினால் பெரும்பாலும் ஏறிவிடுகிறது. திரும்பி வந்து பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரசரால் நாலு டயருக்கும் காற்று ஏற்ற வேண்டும், அதுவும் மழையில் நனைந்துகொண்டு. மச்சான் அதற்குள் தோட்டத்தில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருப்பான்.

தார் ரோட்டில் கதை திரும்பும். ஈரமான கொண்டை ஊசி வளைவில் எம்டி பிரேக்கை நம்ப முடியாது, ரோட்டைத் தொடும் ரப்பரே குறைவு. சத்தம், டீசல் செலவு பற்றி எல்லோருக்கும் தெரியும். மீட்டர் கணக்கு மட்டும் பலர் பார்ப்பதில்லை. என் டயரின் உயரம் 774 மில்லிமீட்டர், அவனுடையது 831. அவன் மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64ல் போகிறது. கியரும் அந்த அளவுக்குக் கனத்துப்போகும். மெட்டு ஏறும்போது நான் மூன்றில் போகிற இடத்தில் அவன் இரண்டுக்கு இறக்குவதைப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இதெல்லாம் இல்லை. ஐந்தாவது டயர்.

நாலு எம்டி டயருக்கும் அலாய்க்கும் பணம் கொடுத்த மச்சான், ஸ்டெப்னியை அப்படியே விட்டுவிட்டான். போன ஐப்பசியில் தோட்டத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால், சேற்றுக்குள் கிடந்த ஒரு கல் அவன் பின் டயரின் சைடைக் கிழித்தது. விரல் நுழைகிற கிழிசல். நடுவில் ஆணி ஏறினால் எந்தக் கடையிலும் பஞ்சர் ஒட்டிவிடலாம், சைடு கிழிந்தால் டயர் போனதுதான். பின் கதவில் தொங்கியதோ 57 மில்லிமீட்டர் குட்டையான கம்பெனி டயர். அதை மாட்டினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இந்த வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரு டயர் குட்டையாக இருந்தால் அந்த முறுக்கெல்லாம் இரண்டு அச்சையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குத்தான் போகும். டூ வீலில் போனாலும், தார் ரோட்டில் பின் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) ஓயாமல் வேலை செய்ய வேண்டும். அன்று போடி வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல் இறக்கினோம். அந்த அளவு டயர் போடியில் இல்லை, தேனியில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள். வண்டி அதுவரை வீட்டில் நின்றது.

எனக்கும் அடி விழுந்தது. ஒரு பாறையில் இறங்கி முன் ரிம்மின் உதடு வளைந்து காற்று கசிந்தது. பூப்பாறைப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் டயரைப் பிரித்து, அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, சம்மட்டியால் நாலு தட்டு. இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். அதே அடி அலாயில் விழுந்திருந்தால் விரிசல் விட்டிருக்கலாம், விட்டால் தட்டி நிமிர்த்த முடியாது. இரும்பு ரிம் பார்க்க அழகில்லைதான்.

லிஃப்ட் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, அவன் வண்டியை நாலைந்து தடவை ஓட்டியதோடு சரி. ஆனால் அது எதைத் தூக்குகிறது என்று கீழே படுத்துப் பார்த்தேன். பின்னால் ஒரே அச்சு என்பதால் லிஃப்ட் பாடியைத்தான் தூக்குகிறது. கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தூக்குவது டயர் மட்டும், அதுவும் உயர வித்தியாசத்தில் பாதி, 28 மில்லிமீட்டர். முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் இன்னும் சாய்வாகிறது, அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழிகிறது. மச்சானுக்கு ஒரு பூட் மாற்றியாயிற்று. மெக்கானிக் லிஃப்டைத்தான் குற்றம் சொன்னார். ஒரே வண்டியை வைத்து நான் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். பெரிய டயர் போட்டு லிஃப்ட் போடாவிட்டால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசும் என்பதால் அவனுக்கு வேறு வழியும் இல்லை.

அகல டயர்தான் சேற்றில் பிடிக்கும் என்பதும் இந்தப் பாதையில் பொய்த்துவிட்டது. இங்கே சேறு ஒரு சாண் ஆழம்தான், கீழே கல் பரப்பு. ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பிடிக்கிறது, அவனுடைய 285 மில்லிமீட்டர் அகல டயர் மேலே மிதக்கிறது. காலையில் போடியிலிருந்து தோட்டவேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளைப் பாருங்கள்: லீஃப் ஸ்பிரிங், ஒல்லி டயர், ரொம்ப மோசமான நாளில் பின் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி. ஒருநாள் நாங்கள் இருவரும் ஓரங்கட்டி யோசித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று பத்துப் பேரோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனது. "என்ன மாப்ள, வண்டி ஓடலையா?" என்று டிரைவர் கேட்டுவிட்டுப் போனதுதான் மச்சானுக்கு இன்னும் ஆறவில்லை.

மணல் வேறு. தேரிக்காட்டுப் பக்கம் போனபோது அகல டயர் நன்றாக மிதந்தது என்கிறான் அவன். நான் கூடப் போகவில்லை, அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இப்போது அவன் ஐந்தாவது எம்டி டயரும் வாங்கிவிட்டான். அந்த எடைக்குப் பின் கதவு கீல் கிறீச்சிடுகிறது. கழற்றிப்போட்ட கம்பெனி டயர்களில் ஒன்றை ரிம்மோடு நான் இரண்டாவது ஸ்டெப்னியாக வாங்கிக்கொண்டேன். மிச்சம் அவன் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.