செம்பவாங் வெந்நீர் ஊற்று: ஒரு வாளி, ஆறு முட்டை, அம்மாவின் கால்

எங்கள் வீட்டில் குளத்துச் செய்தி வாசிப்பவள் நான். என் மகன் வைத்த பட்டம் அது. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் கைப்பேசியை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். நாளைக்கு எந்த நீச்சல் குளம் பராமரிப்புக்கு மூடல், எங்கே பள்ளிப் போட்டிக்காகத் தடங்களைக் கேட்டிருக்கிறார்கள், எங்கே ஸ்விம்சேஃபர் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள் பாதிக் குளத்தை நிரப்பப் போகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் படுக்கை. முதுகுவலிக்கு நீச்சல்தான் மருந்து என்றாகி ஆறு வருடம் ஆகிறது. நான் போகும் குளத்தில் வார நாளில் 1 சிங்கப்பூர் வெள்ளி, வார இறுதியில் 1.30. கோப்பிக்கடையில் ஒரு கோப்பி குடிக்கும் காசு. 65 வயதைத் தாண்டிய அம்மாவுக்கு அதுவும் வேண்டாம், இலவசம். ஆனால் அம்மா குளத்தில் இறங்க மாட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து என் துண்டுக்குக் காவல் இருப்பார்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருப்பவள், ஒரு செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய இரவு மட்டும் பார்க்காமல் தூங்கிவிட்டேன். காலையில் நீச்சலுடையை உள்ளே போட்டு, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு போனால் கம்பிக் கதவு சாத்திக் கிடக்கிறது. எந்தக் குளம் என்று சொல்லப்போவதில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு முதல் நாள் மழையில் நனைந்து, தேதி மட்டும் மை பரவி நின்றது. என்னைப் போலவே பையும் செருப்புமாக வந்த ஒரு சீனப் பெரியவர் கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்ததும் அம்மா சொன்னார்: “குளம் மூடினா என்னடி? வா, ஆயர் பானாசுக்குப் போவோம். எனக்கும் காலு கடுக்குது.”

ஆயர் பானாஸ் என்றால் மலாயில் சுடுதண்ணீர். செம்பவாங் ஊற்றைச் சுற்றி இருந்த கம்பத்துக்கே, அதாவது கிராமத்துக்கே, அதுதான் பெயர். தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், அம்மா வளர்ந்தது அந்தப் பக்கம். அதனால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அம்மாவுக்கு அது ஆயர் பானாஸ்தான். கால் கடுப்பதற்குக் காரணமும் அந்தப் பக்கத்ததுதான். முந்தைய வாரம் பங்குனி உத்திரம். கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் கேன்பரா சாலையில் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன்தான் இன்று ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருப்பவர். அவருக்கு அம்மா இந்த வயதிலும் பால்குடம் எடுப்பார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்.

இனி ஊற்றைப் பற்றி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குளிக்கிற இடம் இல்லை, கால் நனைக்கிற இடம். பெரிய பூங்கா என்று கேள்விப்பட்டு நீச்சலுடையோடு வருகிறவர்கள் உண்டு (அன்றைக்கு நானே உள்ளே அதைத்தான் போட்டிருந்தேன், கழற்றக்கூட நேரமில்லை). ஜப்பானுக்குப் போய்வந்த என் சித்தி மகள் இங்கே வந்து பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றாள். இவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு போனால் இதைவிட நல்ல காலைப்பொழுது இந்தத் தீவின் வடக்கில் கிடைக்காது.

காம்பாஸ் அவென்யூவில் இறங்கி, இரண்டு பக்கமும் செடிகொடி வைத்த நடைபாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். அனுமதி இலவசம். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறார்கள். தேசியப் பூங்காக் கழகம் இதை 2020 ஜனவரியில் இப்போதைய உருவத்தில் திறந்தது. அதற்கு முன்பு வந்தவர்களுக்குத் தெரியும்: கம்பி வேலி, சிமெண்டுத் தரை, வரிசையாகக் குழாய்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி, நாற்காலி. அவ்வளவுதான் அன்று ஊற்று. இன்று 2.2 ஹெக்டேர் பூங்கா.

நடுவில் படிப்படியாக இறங்கும் தொட்டிதான் முக்கியம். ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ். மேல்தட்டில் அந்தச் சூட்டிலேயே ஆவி பறக்க நிற்கும், அதில் யாரும் கை வைக்க முடியாது. அங்கிருந்து ஒவ்வொரு தட்டாக வழிந்து, ஆறி, கடைசித் தட்டுக்கு வரும்போது 40 டிகிரி அளவில் இருக்கும். சுற்றிலும் உட்கார்ந்து காலை விட்டுக்கொள்ளலாம். சேர்க்கை எதுவும் இல்லாமல், இறங்குகிற வழியிலேயே தண்ணீர் ஆறிப்போவது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் டம்ளருக்கும் டபராவுக்குமாகக் காப்பி ஆற்றுவது போலத்தான்.

சிங்கப்பூரில் எரிமலை ஏது, சுடுதண்ணீர் எப்படி என்று என் மகன் கேட்டிருக்கிறான். எரிமலை வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் பாறை இடுக்குகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப்போகப் பூமி சூடுதானே. அங்கே காய்ந்த தண்ணீர் வேறொரு பிளவு வழியாக மேலே ஏறி வருகிறது. லேசான கந்தக வாடை உண்டு. மூக்கைப் பொத்துகிற அளவுக்கு இல்லை, தீக்குச்சி கிழித்த மறுநொடி வருமே, அந்த அளவு.

அம்மாவைக் கடைசித் தட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு இனிப்புநீர் இருபது வருடமாக. பலதுறை மருந்தகத்தில் வருடத்துக்கு ஒரு தடவை, கண்ணை மூடச் சொல்லி நைலான் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார்கள், “தெரியுதா, தெரியுதா?” என்று. போன தடவை இடது கட்டைவிரல் பக்கம் மூன்று இடத்தில் அம்மா பதிலே சொல்லவில்லை. அந்தக் காலுக்குச் சூடும் சரியாகத் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் வைத்துவிட்டு “இதமா இருக்கு” என்பார். அதனால் நான் குனிந்து முழங்கையை முதலில் விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவும்போது பார்ப்போமே, அதேபோல. கொஞ்சம் சூடு தூக்கலாகத்தான் தெரிந்தது. வாளியில் மொண்டு வைத்து, நாலு நிமிடம் விட்டு, மறுபடி முழங்கை. அப்புறம்தான் அம்மாவின் கால். பத்தே நிமிடம். எடுத்ததும் விரல் இடுக்கெல்லாம் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். “என்னடி, மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி பாக்குற” என்றார். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தயவுசெய்து இப்படி முதலில் நீங்களே சூடு பாருங்கள், பிறகு காலையும் புரட்டிப் பாருங்கள். அவர்கள் “சூடா இல்ல” என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

என் கால்களை நேரே தொட்டியிலேயே விட்டேன். முதல் அரை நிமிடம் எடுத்துவிடலாமா என்று தோன்றும். பிறகு கெண்டைக்கால் இளகும். எதிரே ஒரு மாக்சிக், அதாவது வயதான மலாய் அம்மா, பேத்திக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர் போல ஒருவர், காவலர் சீருடையின் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். அருகில் ஆகாயப் படைத் தளம். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனபோதும் அவர் அசையவில்லை.

முட்டைக்கு வருகிறேன். ஊற்றுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் முட்டையோடுதான் போகிறார்கள். சுடுதண்ணீர் பிடிக்கக் குழாய் இருக்கிறது. பிடித்து, முட்டையைப் போட்டு, இருபதிலிருந்து முப்பது நிமிடம் வைக்க வேண்டும். நான் ஆறு முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே திறந்த வாளியில் போட்டேன். கால் மணி நேரம் கழித்து ஒன்றை உடைத்தால் கிண்ணத்தில் வழிந்தது பச்சை முட்டை. தண்ணீரைத் தொட்டேன், அம்மா கால் வைக்கிற பதத்துக்கு ஆறிப்போயிருந்தது. அந்த மாக்சிக்தான் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் வாளியைக் கவிழ்த்து, புதிதாகச் சுடுதண்ணீர் பிடித்து, என் துண்டையே நாலாக மடித்து மேலே மூடினார். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை தண்ணீர் மாற்றச் சொல்லி விரலால் காட்டினார்.

இந்த முறை சரியாக வந்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கோப்பிக்கடையில் காயா ரொட்டியோடு தரும் அரைவேக்காட்டு முட்டையில் வெள்ளை ஓரளவு கட்டியிருக்கும், மஞ்சள் ஓடும். இங்கே தலைகீழ். மஞ்சள் 65, 70 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். வெள்ளை முழுதாகக் கட்ட 80 வரை வேண்டும். அதனால் ஊற்றுத் தண்ணீர் முட்டையில் மஞ்சள் களி மாதிரி நிற்கும், வெள்ளை கஞ்சி போல அதைச் சுற்றி ஆடும். கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் கையோடு கொண்டுபோனேன். நான் மூன்று சாப்பிட்டேன். அம்மாவுக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. “வெந்ததா வேகாததான்னு அதுக்கே தெரியல” என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே அங்குள்ள தகவல் பலகைகளைப் பார்த்தோம். 1909இல் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. 1921இல் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இடத்தை வாங்கி, தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் குளியல் தொட்டிகள் கட்டினார்கள், போரிலேயே குண்டு விழுந்து பாழானது. 1985இல் ஆகாயப் படைத் தளத்துக்காக அரசாங்கம் நிலத்தை எடுத்தது. பலகையில் இல்லாததை அம்மா சொன்னார்: தாத்தாவுக்குக் கால் சுளுக்கினால் வேலை முடிந்து சைக்கிளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவாராம். வீட்டுக்கு வரும்போது கால்சட்டை முழங்கால் வரை ஈரமாக இருக்குமாம். பாட்டி திட்டுவாராம்.

என்னோடு பாலர் பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் திருகோணமலைக்காரர். அவர் ஊரின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிச் சொல்வார். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார்கள். இராவணன் தாய்க்குச் செய்த கிரியையோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். அந்தக் கதைக்கனம் செம்பவாங்குக்குக் கிடையாது. இங்கே கதை என்றால் சோடாக் கம்பெனியும் கம்பமும்தான். எனக்கு அதுவே போதும்.

எப்போது போகலாம்? வார நாள், காலை 7 முதல் 9 வரை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போய்ப் பார்த்தேன், கால் வைக்க இடம் தேடி நின்றதுதான் மிச்சம். வெயில் ஏறிய பிறகு சுடுதண்ணீரில் உட்கார்வது நமக்கே நாம் செய்துகொள்ளும் தண்டனை. மழை தூறும்போது குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சொர்க்கம் என்று அந்தக் காவலர், விழித்த பிறகு, சொன்னார். இடி மின்னல் என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் விசில் ஊதிக் கரையேற்றுவார், இங்கே நாமேதான் நமக்கு விசில்.

கொண்டுபோக வேண்டியவை: மூடி போட்ட வாளி (திறந்த வாளியோடு போய் நான் பட்டதே போதும்), இரண்டு துண்டு, முந்தின இரவே வெளியே எடுத்துவைத்த முட்டை, குடிக்கத் தண்ணீர். ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

திரும்பும் வழியில் புக்கிட் கேன்பராவில் இறங்கினோம். அம்மாவின் மருந்தகம், உணவங்காடி நிலையம், நீச்சல் குளம் எல்லாம் ஒரே இடத்தில். அம்மா தோசைக்கு வரிசையில் நிற்க, நான் குளத்தை எட்டிப் பார்த்தேன். கூரை போட்ட குளமும் இருக்கிறது, வெயிலில் கறுக்கிறது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தாத்தா காலத்தில் பொதுக் குளம் என்றால் எமிலி மலை. 1931இல் திறந்து, 1981இல் மூடியது. அப்பா நீந்தக் கற்றது ஃபேரர் பார்க்கில், அது 1957 முதல் 2003 வரை. அந்த இரண்டிலும் தண்ணீர் இன்று இல்லை. ஊற்று என்னவோ இவ்வளவுக்குப் பிறகும் அதே சூட்டில் வந்துகொண்டிருக்கிறது.

முதுகுக்கு ஊற்று நீச்சலுக்கு ஈடாகாது. மறுநாள் காலை எழுந்தபோது வலி அப்படியேதான் இருந்தது. கணுக்காலும் தூக்கமும்தான் நன்றாக இருந்தன. அம்மா அன்றிரவு கால் அமுக்கச் சொல்லவில்லை, அது ஒன்றே எனக்கு ஐந்து நட்சத்திரம்.

இன்றைய குளத்துச் செய்தி: வரும் செவ்வாயும் எங்கள் குளம் பராமரிப்புக்கு மூடல். இந்தத் தடவை முந்தின இரவே பார்த்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனால், மேசைமேல் நான்கு முட்டை. “உனக்கு மூணு, எனக்கு ஒண்ணு. எனக்குள்ளத மட்டும் வீட்லயே அவிச்சுத் தந்துடு” என்றார்.