பிளேஆஃபுக்கு மூன்றாவது கோல்கீப்பர்: எந்தக் கடையில் வாங்கலாம்?

மார்ச் பிறந்தால் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ரசிகர்கள் பாதிப் பேருக்கு ஒரே கவலைதான். முதல் கீப்பருக்குத் தொடை இழுத்துக்கொண்டிருக்கும், இரண்டாமவர் கடைசி நாலு ஆட்டத்தில் கண்டபடி கோல் விட்டிருப்பார், டிரேட் டெட்லைனுக்கு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) ஒரு வாரம்கூட இருக்காது. "ஜெனரல் மேனேஜர் தூங்குறாரா, ஒரு கீப்பரை வாங்கிப் போட வேண்டியதுதானே" என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். சரி, வாங்கலாம். ஆனால் எங்கே வாங்குவது, என்ன விலைக்கு, வாங்கினவர்களுக்கு அந்தச் சரக்கு உழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. பொருள் வாங்கினால் விமர்சனம் எழுதுகிறோம் இல்லையா, அதே மாதிரி இதற்கும் ஒன்று எழுதிப் பார்க்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கீப்பர் என்பது ஆகஸ்டில் வாங்க வேண்டிய சரக்கு. மார்ச்சில் வாங்குவது பெரும்பாலும் மேனேஜருக்கு ராத்திரி தூக்கம் வருவதற்காக.

இதற்கு என் முதல் சாட்சி 2022-23 வேகாஸ் கோல்டன் நைட்ஸ். அந்த வருஷம் சீசன் தொடங்கும் முன்பே அவர்களின் முதல் கீப்பர் ராபின் லேனருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, சீசன் முழுக்க ஆட மாட்டார் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் கணக்கில் உட்காரும் ஆள். அவரை நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டால் சாலரி கேப்பில் (அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். இன்னொருவர், லோரன் புரோஸ்வா, அவருக்கும் இடுப்பு அறுவை சிகிச்சை நடந்து தேறிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது லோகன் தாம்ப்சன், எந்த அணியும் டிராஃப்ட்டில் (இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்காத பையன், என்எச்எல் அனுபவம் கொஞ்சம்தான். அப்போது வேகாஸ் என்ன செய்தது? ஆகஸ்ட் கடைசியில் சான் ஹோசேவிடம் போய் ஏடின் ஹில் என்ற உயரமான கீப்பரை, 2024இன் நாலாம் சுற்று டிராஃப்ட் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது. நாலாம் சுற்று! அந்தச் சுற்றில் எடுக்கும் பையன்களில் பெரும்பாலானவர்கள் என்எச்எல் பக்கம் தலைகாட்டவே மாட்டார்கள். கிட்டத்தட்டச் சும்மா கொடுத்த மாதிரிதான்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். தாம்ப்சன் நன்றாக ஆடி ஆல்-ஸ்டார் வரை போனார், பிப்ரவரியில் காயம். ஹில் உள்ளே வந்தார், மார்ச் தொடக்கத்தில் அவருக்கும் காயம். நடுவில் தாம்ப்சன் திரும்பி வந்து மறுபடியும் விழுந்தார். புரோஸ்வா அதற்குள் தேறி, வேவர்ஸில் (வேண்டுமென்றால் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பட்டியல்) போடப்பட்டு, வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் ஹெண்டர்சனில் கீழ்நிலை லீகான ஏஎச்எல் ஆடிக்கொண்டிருந்தார், அவரைக் கூப்பிட்டார்கள். டெட்லைனுக்கு முந்தைய நாள் ஜோனதன் குயிக்கை வாங்கினார்கள். யிரி பாடேரா என்ற செக் பையனும் இரண்டு ஆட்டம் நின்றான். சீசன் முடிவில் வெற்றிக் கணக்கு இப்படி: தாம்ப்சன் 21, ஹில் 16, புரோஸ்வா 7, குயிக் 5, பாடேரா 2. மொத்தம் 51. ஐந்து பேரும் வென்றிருக்கிறார்கள்.

பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் முதலில் நாலு ஆட்டம் வெல்பவர் மேலே போவார்) புரோஸ்வாதான் முதலில் நின்றார். வின்னிபெக்கை ஐந்தே ஆட்டத்தில் அனுப்பிவைத்தார். எட்மன்டனோடு நடந்த இரண்டாம் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில், முதல் பீரியடிலேயே (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) கோலுக்குக் குறுக்கே நகரும்போது ஏதோ பிடித்துக்கொண்டது, தாங்கித் தாங்கி வெளியே போனார். "உடலின் கீழ்ப்பகுதியில் காயம்" என்றார்கள். பிளேஆஃப் நேரத்தில் எந்த அணியும் இதற்கு மேல் வாய் திறக்காது, முழங்காலா இடுப்பா என்று சொன்னால் எதிரணி அந்தப் பக்கமாகவே அடிக்கும் என்று பயம். ஹில் வந்து நின்றார், அவ்வளவுதான், கோப்பை வரை யாரும் அவரை அசைக்கவில்லை. 11 வெற்றி, 4 தோல்வி, வந்த ஷாட்டில் 93.2 சதவீதத்தைத் தடுத்தார். ஃபுளோரிடாவோடு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், இரண்டாம் பீரியட், நிக் கசின்ஸ் முன்னால் பாதி கோல் காலியாகக் கிடக்கிறது, பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவருடைய மட்டையில், அடித்தாயிற்று. ஹில் தன் உடம்பை அங்கே கொண்டுபோக முடியாது என்று தெரிந்து மட்டையை மட்டும் பக்கவாட்டில் வீசுகிறார், மட்டையின் அகன்ற பகுதியில் பட்டுப் பக் நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் எனக்கு அது எப்படி நின்றது என்று புரியவில்லை. ஆட்டம் 5-2, தொடர் 4-1, கோப்பை. நாலாம் சுற்றுத் தேர்வுக்கு இது கிடைத்தது. மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் குயிக். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2012 பிளேஆஃபின் சிறந்த வீரர். அவரைக் கிங்ஸ் கொலம்பஸுக்கு அனுப்பியது, கொலம்பஸ் அடுத்த ஒன்றிரண்டு நாளில் வேகாஸுக்குக் கைமாற்றியது, விலை இன்னொரு கீப்பரும் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வும். அந்த பிளேஆஃபில் ஒரு நிமிஷம்கூட ஆடாமல் மூன்றாவது கோப்பை மோதிரத்தை வாங்கிக்கொண்டார். டெட்லைனில் வாங்கிய சரக்குதான், ஆனால் ஏழாம் சுற்று விலையில் காப்பீடு மாதிரி வாங்கி வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. கிங்ஸ் பக்கம் கணக்கு வேறு. குயிக்கோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து யோனாஸ் கோர்பிசாலோ என்ற கீப்பரையும் விளாடிஸ்லாவ் காவ்ரிகோவ் என்ற தடுப்பு வீரரையும் வாங்கினார்கள். எட்மன்டனிடம் முதல் சுற்றிலேயே ஆறு ஆட்டத்தில் முடிந்தது. கோடையில் கோர்பிசாலோ ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். காவ்ரிகோவ் தங்கினார், அதனால் முழு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கீப்பர் பங்குக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு.

டெட்லைன் சந்தையில் பெரிய விலைக்கு வாங்கியவர்களின் அனுபவம் இதைவிட மோசம். 2014இல் செயின்ட் லூயிஸ், பஃபலோவிடமிருந்து ரயன் மில்லரை வாங்கியது. கூட ஸ்டீவ் ஆட். பதிலுக்குக் கீப்பர் யாரோஸ்லாவ் ஹலாக், கிறிஸ் ஸ்டுவர்ட், வில்லியம் கேரியர், ஒரு முதல் சுற்றுத் தேர்வு, அதற்கு மேல் நிபந்தனையோடு இன்னொரு தேர்வு. மில்லர் அப்போது பெரிய பெயர், 2010 ஒலிம்பிக்கில் அமெரிக்காவை இறுதி வரை கொண்டுபோனவர். ஷிகாகோவிடம் முதல் சுற்றில் ஆறு ஆட்டம், வெளியே. கோடையில் மில்லர் வான்கூவருக்குக் கிளம்பிவிட்டார். (கொடுத்ததில் ஒருவரான அந்த கேரியர், பின்னால் வேகாஸுக்குப் போய், மேலே சொன்ன அதே 2023 கோப்பையைத் தூக்கினார். செயின்ட் லூயிஸ் ரசிகர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.) 2022இல் மினசோட்டா மார்க்-ஆந்த்ரே ஃபுளோரியை வாங்கியது. பிளேஆஃப் முதல் சுற்றில் ஐந்து ஆட்டம் அவர் நின்றார், ஆறாவதில் கேம் டால்பட்டை நிறுத்தினார்கள், அதில் தோற்றுத் தொடர் முடிந்தது. ஃபுளோரி மேல் எனக்குப் பிரியம் உண்டு, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் புதுத் தடுப்பு வீரர்கள் எந்தப் பக்கம் பக்கைத் தள்ளுவார்கள், யார் குறுக்கே படுப்பார்கள், யார் பார்வையை மறைப்பார்கள் என்று ஒரு கீப்பர் பழக ஆறு வாரம் போதாது. இது பெட்டியைப் பிரித்தவுடன் ஓடுகிற சரக்கு இல்லை.

"அப்போ ரோலசன்?" என்று கேட்பீர்கள். நியாயம். 2006 மார்ச்சில் எட்மன்டன் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து டுவேய்ன் ரோலசனை மினசோட்டாவிடமிருந்து வாங்கியது, எட்டாம் இடத்தில் தத்தித் தத்தி உள்ளே வந்த அணி இறுதிச் சுற்று வரை போனது. டெட்லைன் கடையில் அபூர்வமாகக் கிடைத்த நல்ல சரக்கு. ஆனால் கதையின் மிச்சத்தையும் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், கரோலினாவில், 4-4, ஆட்டம் முடிய ஆறு நிமிஷம்கூட இல்லை. இரண்டு பேர் மோதிக்கொண்டு வந்து ரோலசன் மேல் விழுந்தார்கள், முழங்கால் போயிற்று. டை காங்க்ளின் உள்ளே வந்தார், அந்த பிளேஆஃபில் அதுவரை அவர் ஆடவே இல்லை. கடைசி அரை நிமிஷத்தில் வலைக்குப் பின்னால் போய் பக்கை நிறுத்தி, கேப்டன் ஜேசன் ஸ்மித்துக்குத் தள்ளப் பார்த்தார், இருவருக்கும் புரிதல் இல்லை, பக் தட்டுப்பட்டுக் காலி கோலுக்கு முன்னால் உருண்டது. ராட் பிரிண்டமோர் சும்மா தட்டிவிட்டார். 5-4. அடுத்த ஆட்டத்திலிருந்து யூசி மார்க்கனென் நின்றார், தொடரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார், கோப்பை கரோலினாவுக்கு. முதல் கீப்பருக்கு முதல் சுற்றுத் தேர்வு கொடுத்த அணி, இரண்டாமவருக்கு பிளேஆஃபில் ஒரு பீரியடாவது கொடுத்திருந்தால் என்று இன்றும் எட்மன்டன்காரர்கள் புலம்புகிறார்கள். எதிரணி கரோலினா எப்படி? முதல் சுற்றில் மார்ட்டின் கெர்பர் தடுமாறியபோதே, தாங்களே டிராஃப்ட்டில் எடுத்து வளர்த்த கேம் வார்டை இறக்கிவிட்டார்கள். 22 வயசுப் பையன், பிளேஆஃபின் சிறந்த வீரர் பட்டம் அவனுக்குத்தான்.

சொந்த ஏஎச்எல் அணி என்கிற கடைக்கு வருவோம். விலை குறைவு, ஆனால் விதிமுறை தலைவலி. ஆட்டத்துக்கு இரண்டு கீப்பர்தான் உடை மாட்டலாம். டெட்லைன் வரை பட்டியலில் 23 பேருக்கு மேல் கூடாது, அதற்கப்புறம் அந்த வரம்பு போய்விடும், ஆனால் கீழேயிருந்து சாதாரணமாகக் கூப்பிடும் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிடும். உடம்பு சரியாக இருக்கும் கீப்பர் இரண்டு பேர்கூட இல்லை என்றால் அவசர அழைப்பு, அது கணக்கில் சேராது. இன்னொன்று, ஏஎச்எல் பிளேஆஃப் ஆட வேண்டுமென்றால் டெட்லைன் நாளில் அந்தப் பையனின் பெயர் ஏஎச்எல் பட்டியலில் இருக்க வேண்டும். அதனால் அன்றைக்கு மத்தியானம் காகிதத்தில் கீழே அனுப்பி, சாயந்திரம் காகிதத்திலேயே மேலே கொண்டுவருவது வழக்கமாக இருந்தது, பையன் ஊரைவிட்டுக் கிளம்பவே மாட்டான். வயசும் ஆட்டமும் கூடிவிட்டால் வேவர்ஸ் வழியாகத்தான் கீழே அனுப்ப முடியும், 24 மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பயத்தில்தான் 2023-24இல் மான்ட்ரியல் மூன்று கீப்பரையும் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டியது. பயிற்சி அரங்கில் கோல் இரண்டுதான், மூன்றாமவர் ஓரமாகத் தண்ணீர் பாட்டிலோடு முறை வரும்வரை நிற்பார். மூன்று பேருக்கும் கை துருப்பிடிக்கும். கடைசியில் டெட்லைனில் ஜேக் ஆலனை நியூ ஜெர்சிக்கு விற்றார்கள். மூன்று பேரை மேலே வைத்திருப்பது கீப்பர் ஆழம் (நம்பகமான மாற்று கைவசம் இருப்பது) அல்ல, நெரிசல்.

இந்தக் கடையின் சிறந்த சரக்கு 2016 பிட்ஸ்பர்க். ஃபுளோரிக்குத் தலையில் அடி, மாட் மரேக்கும் கடைசி ஆட்டத்தில் அடி, நியூயார்க் ரேஞ்சர்ஸோடு முதல் ஆட்டத்தில் ஜெஃப் சாட்காஃப் நின்று 35 ஷாட்டைத் தடுத்து ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் மரே வந்தார், கோப்பை வந்தது. அண்மையில் என்றால் எட்மன்டனின் கேல்வின் பிக்கார்ட். 2022 கோடையில் எடுத்து, ஒரு சீசன் முழுக்க பேக்கர்ஸ்ஃபீல்டில் ஏஎச்எல் ஆடவிட்டார்கள். 2025 பிளேஆஃபில் முதல் கீப்பர் ஸ்டூவர்ட் ஸ்கின்னர் இரண்டு ஆட்டம் சொதப்பியதும் உள்ளே வந்து தொடர்ந்து ஆறு வென்றார், காயப்பட்டார், ஸ்கின்னர் திரும்பினார், இறுதி வரை போனார்கள். கோப்பை இல்லைதான். டொராண்டோவும் 2024 கோடையில் கீப்பர் அந்தனி ஸ்டோலார்ஸை வாங்கி, ஏற்கெனவே இருந்த கீப்பர் ஜோசஃப் வோலோடு ஜோடி போட்டது, மறு வருஷம் ஃபுளோரிடாவோடு முதல் ஆட்டத்திலேயே ஸ்டோலார்ஸ் விழ, வோல் ஏழாவது ஆட்டம் வரை தாங்கினார். ஏழாவதில் தோற்றார்கள், டொராண்டோ அல்லவா. கீப்பர் ஆழம் கோல் அடித்துக் கொடுக்காது. இந்த வகைக்கு நாலரை.

கடைசியாக அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவசர கீப்பர். ஆட்டம் நடக்கும் அரங்கத்தின் அணி ஏற்பாடு செய்யும், எந்த அணிக்குத் தேவைப்பட்டாலும் இறங்குவார். 2018இல் ஷிகாகோவுக்காக 36 வயசுக் கணக்காளர் ஸ்காட் ஃபாஸ்டர் இறங்கி வந்த ஏழு ஷாட்டையும் தடுத்தார். 2020 பிப்ரவரி 22இல் டொராண்டோவில் கரோலினாவின் இரண்டு கீப்பரும் விழ, பனித்தளம் சீர்செய்யும் வண்டி ஓட்டிய அனுபவமுள்ள 42 வயது டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். முதல் இரண்டு ஷாட்டும் கோல், அப்புறம் வந்த எட்டையும் தடுத்தார், 6-3 வெற்றி. கேட்க ஜோராக இருக்கும், ஆனால் அதை நம்பி பிளேஆஃபுக்குள் போகும் மேனேஜரை வேலையிலிருந்து தூக்கலாம். லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட, 2026-27இல் தொடங்கும் புதிய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அணியும் முழுநேர அவசர கீப்பரைச் சம்பளத்துக்கு வைத்துக் கூடவே கூட்டிப்போக வேண்டும் என்று வருகிறது. பயிற்சியில் மூன்றாவது ஆள் தேவைப்படும்போது ஏஎச்எல் பையனின் நாளைக் கெடுக்காமல் இவரை நிறுத்தலாம், அதுவே பெரிய லாபம். மதிப்பெண்ணை முதல் சீசன் முடிந்ததும் போடுகிறேன்.